இடது காதில் வெட்டுள்ள ஆண்டவர்

சற்குணம் தாடி வளர்க்கத் தொடங்கியபோது சுசீலாபாய் அதை முதலில் சோம்பல் என்று நினைத்தாள். தலைமயிரும் இறங்கிக் கழுத்தைத் தொட்டபோது நேர்த்திக்கடனோ என்று நினைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் சாராய வாடை இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் இடைப்பட்ட வேறு ஏதோ வாடையோடு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஆண்பிள்ளை குடித்துவிட்டு வந்தால் அது பழக்கம். குடிக்காமல் வந்தால் பின்னால் எவளோ இருக்கிறாள்.

"எங்க போயிட்டு வாறீய?"

"லோடு இருந்து."

"வெள்ளிக்கிழம மத்தியானத்துல சாலை மார்க்கெட்டுக்குள்ள லாரிய விடமாட்டாவல்லா. பின்ன என்ன லோடு?"

"ஒனக்கெதுக்கு? கஞ்சிய எடு."

மலையாள நாட்டுத் தலைநகரின் சாலைக் கடைத்தெருவில் கோலப்பன் பிள்ளையின் மொத்த அரிசிக் கடைக்குச் சரக்கு இறக்கும் சுமட்டுக்காரர்களில் சற்குணமும் ஒருவன். நீலச் சட்டை, தலையில் துண்டைச் சுருட்டி வைத்த சும்மாடு. ஐம்பது தாண்டியும் மூட்டையைத் தூக்கிக் கொடுக்க ஒரு கை போதும் அவனுக்கு. மீதியை அவன் கழுத்து பார்த்துக்கொள்ளும். பாரம் தலையில் உட்காரும் நேரத்தில் மட்டும் நாக்கு நுனி வலது கடைவாயில் எட்டிப் பார்க்கும். வாலிபத்தில் மூட்டைக் கொக்கி மாட்டி இடது காதின் கீழ்ப்பகுதி கிழிந்து, தையல் போட்டும் சேராமல், சின்ன வெட்டாக நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு எடுத்த படத்தில்கூட வலது பக்கத்தைக் காட்டித்தான் நிற்கிறான்.

சுசீலாபாய்க்கு வேலை கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற திருஇருதயக் கோயிலில். தமிழ்ப் பூசைக்கென்று உள்ள சின்னக் கோயில். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து ஓட்டல்களிலும் கடைகளிலும் கட்டட வேலையிலும் கிடக்கிற சனங்களும், தலைமுறையாக இங்கேயே இருந்து மலையாளத்தில் யோசித்துத் தமிழில் ஜெபிக்கிற சனங்களும் அங்கே வருவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு முன்னால், மூன்று மணிக்கு, கோயிலில் ஈ காக்கை இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் தரையில் ஒட்டிய மெழுகைச் சுரண்டுவாள். பித்தளைத் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்ப்பாள். கடைசியாக முக்காலியைப் போட்டு ஏறி, பீடத்துக்கு மேலே இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடியைத் துடைப்பாள். துடைக்கிற சாக்கில் பேசுவாள். அதுதான் அவளுக்கு உண்மையான பூசை. மற்றதெல்லாம் சம்பளத்துக்கு.

அந்தப் படம் கோயிலின் பெருமை. தங்க நிற முடி, நீலக் கண், ரோஜா நிறக் கன்னம். எங்கே வலிக்கிறது என்று கேட்ட டாக்டருக்கு இடம் காட்டுவதுபோல் ஒரு விரல் நெஞ்சைத் தொட்டிருக்கும். அந்தக் காலத்தில் ஒரு பெல்ஜியம் சாமியார் ரோமாபுரியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ஆண்டவரின் அழகைப் பற்றி சுசீலாபாய்க்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவர் தெரியாத ஆள் என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. சாலையில் பார்த்த முகமில்லை. அவளுடைய வீட்டுப் படியேறி வந்தவரில்லை. எவளுக்கும் மாமனோ மச்சானோ இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் மனசை அவிழ்த்துக் கொட்டுகிறோமே, அவள் இறங்கிப் போய்விடுவாள் என்ற தைரியத்தில், அந்த மாதிரி.

"கேட்டீரா ஆண்டவரே," என்று தொடங்குவாள். "ரேஷ்மி போன் போட்டா. கால் ரெண்டும் நீர் வச்சிருக்காம். யூசுப்புக்கு உம்மா உயிரோட இல்ல. தலப்பேறு. ஆடி மாசம் ஆவும்போ நான் அங்க போயி நிக்காண்டாமா? இந்த மனுசன்கிட்ட எப்படிச் சொல்ல? பேரக் கேட்டாலே வெட்டுக்கத்திய எடுத்துருவாரு."

ரேஷ்மி அவர்களுக்கு ஒரே மகள். வித்துராவில் செல்போன் கடை வைத்திருக்கும் யூசுப்பை அவள் இரண்டு வருஷத்துக்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளில், அவளுடைய பேர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று சற்குணம் சட்டம் போட்டான். அன்றோடு அவன் கோயிலுக்கு வருவதும் நின்றுபோயிற்று. "அந்த வெள்ளக்காரனுக்குத் தமிழ் தெரியாது" என்பது அவன் சொன்ன காரணம். சுசீலாபாய் தியானத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை வித்துரா பஸ் ஏறுவாள். இது இந்த ஊரில் அவளுக்கும் அந்தப் படத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

தாடியும் வாடையும் வந்த பிறகு பேச்சு நீண்டது. "எவளோ ஒருத்தி உண்டு ஆண்டவரே. இந்த வயசுல மயிர் வளக்காரு. எனக்கு ஒண்ணும் வேண்டாம், ஆளு யாருண்ணு மட்டும் காட்டித் தாரும். சத்தியமாச் சொல்லுகேன், இந்த மனுசன் செத்தா நான் அழுவேனாண்ணு எனக்கே சந்தேகமா இருக்கு."

ஆண்டவர் நெஞ்சைத் தொட்டபடியே இருந்தார்.

அந்த நாட்களில் கோயிலிலும் சந்தேகப்பட ஒன்று இருந்தது. பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடுப்பு மாற்றுகிற உள்ளறை வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பீடத்துக்கும் அதற்கும் நடுவே முழுச் சுவர் கிடையாது. பாதிக்கு மேல் மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த அழிதான். அழியை உள்பக்கமாகத் திரை போட்டு மூடியிருந்தார்கள்.

"கரையான் மருந்து அடிச்சிருக்கு. யாரும் உள்ள போகக்கூடாது," என்றார் பங்குச் சாமியார் இஞ்ஞாசி அச்சன்.

"கரையானுக்கு எதுக்கு அச்சோ திரை?"

"சொன்னாக் கேளு சுசீலா."

இஞ்ஞாசி அச்சன் ரோமில் ஐந்து வருடம் படித்தவர். படித்த விஷயம், இந்திய மண்ணில் இயேசுவுக்கு இந்திய முகம் வேண்டும் என்பது. இதைத் தெரிந்துகொள்ள எதற்கு ரோமுக்குப் போகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 'நான் ரோமில் இருந்தபோது' என்று அவர் பிரசங்கத்தைத் தொடங்கினால், ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் வெளியே டீக்கடைக்குக் கிளம்புவார்கள்.

ஜூன் மாதம் திருஇருதயத் திருநாளன்று குட்டு வெளிப்பட்டது. காலையிலிருந்து மழை விடவில்லை. ஓட்டுக்கூரையில் விழுந்த சத்தத்தில் ஒலிபெருக்கியே திணறியது. பழைய படம் இருந்த இடத்தில் அதைவிட மூன்று மடங்கு பெரிதாக, சிவப்புப் பட்டு மூடி, ஒன்று நின்றது.

"இதுவரை நாம் ஓர் அந்நியரை வணங்கினோம்!" என்றார் அச்சன். "இன்று முதல் நம்மில் ஒருவரை வணங்கப்போகிறோம். நம் தெருவில் நடந்த கிறிஸ்து! நம் பாரத்தைச் சுமந்த கிறிஸ்து!"

கயிற்றை இழுத்தார். பட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிந்த கிறிஸ்துவின் முன்னால் சபை காத்திருந்தது. பிறகு ஒருவர் ஏணி போட்டு ஏறி மீதியை உருவினார்.

சாலைக் கடைத்தெரு. மழைச் சேறு, கவிழ்ந்த கூடைகள், ஓரத்தில் ஒரு தெருநாய். நடுவில் குறுக்கு மரத்தைச் சுமந்து வருகிற கறுத்த மனிதன். தலையில் சும்மாடு, அதன் மேல் முள்முடி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடுப்பில் கைலி. நாக்கு நுனி வலது கடைவாயில் எட்டிப் பார்த்தது.

இடது காதில் ஒரு வெட்டு.

சுசீலாபாயின் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. ஆளைக் காட்டித் தாரும் என்று கேட்டவள்தான். இவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை.

கோயில் வாசலில் பூ விற்கிற பிந்து காதருகே குனிந்தாள். "எந்தா அக்கா, அழுறியா? நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கயோ பாத்த மாதிரி இல்லியா?"

"எல்லாரையும் எங்கயோ பாத்த மாதிரித்தான் இருக்கும் ஒனக்கு. பூவப் பாரு, நனையுது."

வீட்டுக்கு வந்தபோது சற்குணம் வழுவழுவென்று சவரம் செய்து, முடியை ஒட்ட வெட்டி, மீன்கறியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கோயில்காரர்கள் யாரும் தெருவில் அடையாளம் காண வழியில்லை. அவள் சோற்றை வைத்தாள்.

"கோயில்ல புதுப்படம் வச்சிருக்காவ."

"ம்."

"ஆளு கறுப்பாக்கும்."

"வெயில்ல நடந்தாக் கறுக்கத்தான் செய்யும்."

"காதுல ஒரு வெட்டு இருக்கு."

சற்குணம் சோற்றைப் பிசைந்தான். பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தான்.

"கறியில புளி கூடிப்போச்சு," என்றான்.

எவளோ ஒருத்தி என்ற சந்தேகம் அன்றைக்குச் செத்தது. அந்த இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று ஏறி உட்கார்ந்தது. கோயில் பக்கமே தலைவைக்காத மனுஷன் கோயிலுக்குள் இப்படி வந்து ஏறியதன் அர்த்தம் என்ன? கேட்டால் சொல்ல மாட்டான். அவளும் கேட்க மாட்டாள். முப்பது வருஷக் குடும்பம் அப்படித்தான் ஓடியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினாள், மெழுகு சுரண்டினாள், முக்காலி மேல் ஏறினாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாய் வரவில்லை. ரேஷ்மிக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, டாக்டர் பத்திரமாக இருக்கச் சொல்லியிருக்கிறார், அம்மா எப்போ வருவே என்று அழுதாள் என்று சொல்லவேண்டும். யாரிடம் சொல்ல? இந்த முகத்துக்குத் தெரியக்கூடாது என்றுதானே இத்தனை நாள் மற்ற முகத்திடம் சொன்னது. இந்த மூஞ்சியைப் பற்றிய புகாரை இந்த மூஞ்சியிடமே எப்படிக் கொடுக்க?

"நீரு கொஞ்சம் அங்கோட்டுத் திரும்பும்," என்று சொல்லிப் பார்த்தாள். திரும்புகிற ஆளா அவன்.

கண்ணை மூடிக்கொண்டு முயன்றாள். மூடிய கண்ணுக்குள் குறட்டைச் சத்தம் கேட்டது. கீழே இறங்கிவிட்டாள்.

அன்று போனில் மகளிடம் கேட்டாள்: "ஏட்டி, அந்த வீட்டுல படம் ஒண்ணும் கிடையாதே, நீ யாருக்க மொகத்தப் பாத்து ஜெபிப்பே?"

"யாருக்க மொகத்தையும் பாக்க மாட்டேன் அம்மா. ராத்திரி யூசுப்பு உறங்கின பெறவு சொவரப் பாத்துச் சொல்லுவேன்."

"சொவரு கேக்குமா?"

"எதுத்துப் பேசாதுல்லா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உள்ளறையில் பங்குப் பேரவை கூடியது. மருந்து வாடை போகவில்லை என்றாலும் அறை இப்போது திறந்துதான் இருந்தது. தலைமைச் செயலகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வுபெற்ற வியாகுலம் சார் பேரவைச் செயலாளர். ஓய்வுபெற்றும் ஆபீஸ் அவரை விடவில்லை. சாப்பாட்டு மேசையில்கூட 'மேற்படி சாம்பார்' என்பார் என்று கேள்வி. சுசீலாபாய் டீ கொண்டுபோனாள்.

முதல் விஷயம், பழைய படம். ரோமாபுரிப் பொக்கிஷம் ஆகையால் மறைமாவட்ட அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதென்று தீர்மானம். சட்டம் உளுத்திருந்ததால் புதுச் சட்டம் போட, பழையதை வியாகுலம் சார் தன் கையாலேயே கழற்றினார். படத்தின் கீழ்விளிம்பு வெளியே வந்தது. எல்லோரும் குனிந்தார்கள். ஆண்டவரின் பாதத்துக்குக் கீழே, இத்தனை காலம் சட்டத்துக்குள் மறைந்து, கொழுத்த எழுத்தில் இருந்தது: 'கலப்படமற்ற கூட்டுப் பெருங்காயம்.' அதற்கும் கீழே, சிவகாசி.



"மேற்படி பெருங்காயம்..." என்று தொடங்கிய வியாகுலம் சார் முடிக்கவில்லை.

"பெல்ஜியம் சாமியார் சாலையில வாங்கியிருப்பாரோ?" என்றார் ஒருவர்.

"அருங்காட்சியகத்துக்கு வேண்டாம்," என்றார் அச்சன் அவசரமாக. "அடுத்த விஷயம்."

அடுத்த விஷயம் காது.

"அச்சன் மன்னிக்கணும்," என்றார் வியாகுலம் சார், டீயைத் தள்ளி வைத்துவிட்டு. "புதுப்படத்துல ஆண்டவருக்குக் காதுல வெட்டு இருக்கு. வேதத்துல காது வெட்டுப்பட்டது மால்குங்கிற வேலைக்காரனுக்கு. ஆண்டவருக்கு அல்ல. அதுவும் வலது காது! இடது காதுக்கு ஆதாரமே இல்ல."

"அது குறியீடு."

"என்ன குறியீடு?"

"நான் ரோமில் இருந்தபோது..."

"ரோமை விடும் அச்சோ. ஏதோ ஒருத்தனை நிறுத்தித்தான் வரைஞ்சிருக்காவ. அவன் யாரு? ஞானஸ்நானம் வாங்கினவனா? குடிகாரனா? நாளைக்கு அவன் நடுரோட்டுல விழுந்து கிடந்தா, நாம முழந்தாள் போட்ட மொகம் சாக்கடையில கிடக்கும். அது தெரியணும்."

அச்சனுக்கு முகம் சிவந்தது. "உழைப்பாளியின் முகம். அவ்வளவுதான் சொல்லுவேன். பெயர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"உழைப்பாளிய அடையாளம் தெரியணும்னா இந்தப் பேரவையில ஒருத்தனாவது உழைப்பாளி இருக்கணுமே," என்றார் பெல்ஜியம் சாமியாரைப் பற்றிக் கேட்டவர். அது யாருக்கும் கேட்காததுபோல் ஆயிற்று.

வியாகுலம் சார் திரும்பினார். "சுசீலா, நீதான் வாராவாரம் பக்கத்துல நின்னு தொடைக்கே. அது யாருக்க மொகம்? சாலையில பாத்த மொகமா?"

டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் படம் இறங்கிவிடும். பழையவர் திரும்பி ஏறுவார், பெருங்காயத்தை மறுபடி சட்டத்துக்குள் ஒளித்துக்கொண்டு. அவளுக்கு அவளுடைய மூன்று மணி கிடைத்துவிடும். அதோடு, சாராயக் கடை வாசலில் சற்குணத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து சாட்சி சொல்வார்கள். அவன் பிறந்ததிலிருந்து இன்றுவரை எவனும் அவனை நிமிர்ந்து பார்த்ததில்லை, மூட்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"எனக்கு அந்த ஆளப் பரிச்சயம் இல்ல சாரே," என்றாள்.

வேதத்தில் சீடன் ஆண்டவரைத் தெரியாது என்றபோது கூவியதே, அதுபோல் சேவல் எதுவும் கூவவில்லை. கடைத்தெருவில் சேவல்கள் இருப்பது கோழிக்கடைக் கூண்டில். கூவுகிற மனநிலையில் இருக்காது.

கூட்டம் தீர்மானமின்றிக் கலைந்தது. அவள் தரையைத் துடைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். மேசைக்கடியில் சாயப் பொட்டுகள். மண் நிறம், கறுப்பு, கொஞ்சம் ரத்தச் சிவப்பு. மூலையில் ஒரு உத்தரக்கட்டை சாய்ந்திருந்தது. அவள் கட்டையைப் பார்த்தாள், அழியைப் பார்த்தாள், அழிக்கு அப்பால் கையெட்டும் தூரத்தில் கிடந்த தன் முக்காலியைப் பார்த்தாள்.

கரையான் மருந்து வாடையும் புருஷன் மேலிருந்து வந்த வாடையும் ஒன்று என்பது மூக்குக்கு எப்போதோ தெரிந்திருந்தது. புத்திக்குத்தான் சொல்லி அனுப்பவில்லை.

மறுநாள் படத்துக்கு வார்னிஷ் பூச ஓவியன் சுமந்த் வந்தான். நுண்கலைக் கல்லூரியில் படித்த பையன். மலையாளத்தை மெதுவாகப் பேசினால் அது தமிழாகிவிடும் என்று நம்புகிறவன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாளா, இறங்கவிடாமல் மறித்தாளா என்பது அவனுக்கு விளங்கவில்லை.

"தம்பி, இத எங்க வச்சு வரச்சே?"

"உள்ள ரூமில. அச்சன் யாரோடும் பறயண்டான்னு பறஞ்சு, சேச்சி."

"எந்நேரம்?"

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு. எனக்கு ஏது நேரமும் ஓக்கேதான். அச்சனுக்கு நிர்பந்தம். கிறிஸ்து மரிச்சது வெள்ளிக்கிழமை மூணு மணின்னு. நாங்க பின்வாசல் வழி ரெண்டரைக்கே கேறும். அப்புறம் நாலு வரை மௌனம். மிண்டக்கூடாது, அனங்கி அசையக்கூடாது. பாடுபட்ட நேரமல்லே."

அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இந்தப் பக்கம் யாராவது பேசினா உள்ள கேக்குமா?"

"எனக்குக் கேக்காது சேச்சி. காதில பாட்டு இருக்கும்." தூரிகையை நிறுத்திப் படத்தைப் பார்த்தான். "ஆனா ஒரு அதிசயம் உண்டு கேட்டோ. முதல் ரெண்டு ஆழ்ச்ச, ரெண்டு வாரம், அந்தச் சேட்டன்ற முகம் மரக்கட்டை. ஆதார் கார்டு போட்டோ போல. ஞான் விட்டுட்டுப் போகலாம்னு இருந்து. ஒரு வெள்ளிக்கிழமை திடீர்னு முகம் மாறி. கண்ணு, நெத்தி, எல்லாம். கண்ணீர் வருது, தொடைக்கச் சம்மதமில்ல, கட்டையும் இறக்க மாட்டாரு. நாலு மணி ஆயிட்டும் நிக்குறாரு. பின்னே எல்லா வாரமும் அதே முகம்தான். ஞான் ஒண்ணும் செய்யல்ல சேச்சி. பாத்து வரச்சேன், அவ்வளவேயுள்ளு."

அந்த முகத்தைப் பற்றி இஞ்ஞாசி அச்சன் மறைமாவட்டப் பத்திரிகையில் நான்கு பக்கம் எழுதியிருந்தார். மனுக்குலத்தின் பாவம் முழுவதும் அந்தக் கண்களில் திரண்டிருக்கிறதாம். சுசீலாபாய் அண்ணாந்து பார்த்தாள். மனுக்குலமாவது மண்ணாங்கட்டியாவது. பொண்டாட்டி தன்னைப் பற்றிக் கடவுளிடம் கோள் சொல்வதை, தலையில் பாரத்தோடு, அசைய வழியில்லாமல் நின்று கேட்கிற மனுஷனின் முகம் அது.

எதை எதையெல்லாம் கேட்டான்? நீர் வைத்த கால். யூசுப்பின் இல்லாத உம்மா. தியானம் என்று சொல்லிப் போன பஸ். எவளோ ஒருத்தி. அப்புறம் அந்த ஒன்று, அழுவேனா என்ற சந்தேகம். அவளுக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் அடங்கியதும் கோபம் வந்தது. எல்லாம் தெரிந்தும், தெரியாதவன்போல் கஞ்சி குடித்திருக்கிறான்! கள்ளன்!

அன்று சாயங்காலம் அவள் அச்சனிடம் பழைய படத்தைக் கேட்டாள். "எடுத்துக்கொண்டு போ, யாரும் பார்க்காமல்," என்றார் அவர், பெருங்காயத்தை ஒழித்துக்கட்டிய நிம்மதியில். பிளாஸ்டிக் உறையில் சுற்றி மழையோடு மழையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுக்களைக்கும் நடுவறைக்கும் இடையே இருந்த ஆணியில் மாட்டினாள். சட்டம் இல்லாததால் கீழே இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

சற்குணம் வந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தான். "இவரு எதுக்கு இங்க?"

அவள் படத்தைப் பார்த்து நின்றாள். குரலைச் சற்று உயர்த்தினாள்.

"கேட்டீரா ஆண்டவரே. வாற திங்கக்கெழம நான் வித்துராவுக்குப் போறேன். தியானத்துக்கு இல்ல. எனக்க மவளுக்குப் பேறு பாக்க. நாப்பது நாளு நிப்பேன். கேக்க வேண்டியவிய கேட்டுக்கிடட்டு. மறஞ்சு நிண்ணு கேக்க வேண்டாம்."

துண்டு தலையிலேயே நின்றது.  வெட்டுக்கத்தி அடுக்களையில், அவள் பின்னால், தேங்காய்ச் சிரட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் திரும்பவில்லை.

சற்குணம் துண்டை இறக்கித் தோளில் போட்டான். அவனும் அவளைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தான். தமிழ் தெரியாத வெள்ளைக்காரன் என்று தான் ஒதுக்கிய ஆளைப் பார்த்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசினான்.

"மருந்துக்கடையில சுக்கும் திப்பிலியும் எடுத்து வச்சாச்சுன்னு அவகிட்டச் சொல்லும் ஆண்டவரே. கருப்பட்டி கோலப்பன் பிள்ளைக்க கடையில இருக்கு. பெருங்காயம் மட்டும் நல்லது கிட்டல்ல."

"எப்பம் எடுத்து வச்சாராம்?" என்றாள் அவள், படத்திடம்.

"போன மாசமே."

"போன மாசமே எடுத்து வச்சவரு எதுக்கு வாய் தொறக்கல்லண்ணு கேளும்."

படம் இடையில் மாட்டிக்கொண்ட ஆள்போல இருந்தது. விரல் நெஞ்சில்.

"வாய் தொறந்தா," என்றான் சற்குணம் மெதுவாக, "எங்க வச்சுக் கேட்டேண்ணு சொல்லணும்லா. பெறவு அவ அங்க பேசமாட்டா. அவளுக்கு வேற எடம் கிடையாது."

சுசீலாபாய் அடுக்களைக்குள் போய்விட்டாள். அடுப்பை ஊதவேண்டிய அவசியம் இல்லை, அது கேஸ் அடுப்பு. ஆனாலும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அவன் கூட வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை; வந்தான். மருந்துச் சாமானும் கருப்பட்டியும் கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். ஏற்றிவிட்டு இறங்குவான் என்று நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இறங்கலியா?"

"பை கனமாக்கும். நீ எப்படிக் கொண்டு போவே?"

அவள் பையைப் பார்த்தாள். ஒரு சின்னப் பெண் ஒற்றைக்கையில் தூக்கிக்கொண்டு ஓடுவாள். குவிண்டால் மூட்டையைக் கழுத்தில் தாங்குகிற மனுஷன் அதை மடியில் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். இவன் அங்கே வந்து என்ன செய்வான்? யூசுப்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வானோ, வாசலிலேயே நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவானோ? இந்த ஆளை நம்பமுடியாது. ஆனாலும் ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள்.

பஸ் நெடுமங்காட்டைத் தாண்டியது. ரப்பர் மரங்களுக்குள் காற்று ஈரமாக வந்தது. சற்குணம் வெளியே பார்த்தபடியே கேட்டான்.

"அந்த சந்தேகம் இப்பமும் உண்டா?"

"எந்த சந்தேகம்?"

"நான் செத்தா நீ அழுவியாண்ணு."

அவள் அவனைப் பார்த்தாள். இந்தப் பக்கம் இருந்தது இடது காது. வழக்கமாக மறைத்துக்கொள்கிற ஆள், இன்று மறந்துவிட்டான்.

"உண்டு," என்றாள். "கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

அவன் தலையை ஆட்டினான். பஸ் மேட்டில் ஏறத் தொடங்கியது. வித்துரா வருவதற்கு இன்னும் தூரம் இருந்தது. மடியில் இருந்ததோ கருப்பட்டியும் சுக்கும். சற்குணத்தின் நாக்கு நுனி மட்டும் மெல்ல வலது கடைவாய்க்கு வந்து நின்றது.